தனியாக 600 மீட்டருக்கு மேல் சுடும்போது குண்டு விழுந்த இடத்தை நாமே பார்ப்பது எப்படி?

வறண்ட ஏரி:
எல்லோருக்கும் வணக்கம். இடம் நெவாடா, பி.எல்.எம். (அமெரிக்க அரசின் நில மேலாண்மைத் துறை) பொது நிலம். தோட்டா 6.5 கிரீட்மூர், 140 கிரெயின் (சுமார் 9 கிராம்) குண்டு, நொடிக்கு 2700 அடி. ஸ்கோப், பைபாட் (முன்பக்க இருகால் தாங்கி) எல்லாம் சேர்த்து ரைஃபிள் 5.5 கிலோ. ஸ்கோப் 5-25 மடங்கு, முதல் குவியத் தளம் (எந்த மடங்கிலும் கோடுகளின் அளவு சரியாக இருக்கும்), மில் ரெட்டிகிள் (குறிக்கோடுகள்; 1 மில் என்றால் 100 மீட்டரில் 10 செ.மீ.). குழல் வாயில் பூட்டி உதையைக் குறைக்கும் பிரேக் கிடையாது. 30 செ.மீ. ஸ்டீல் தட்டுகள் 400, 600, 900 மீட்டரில்.

பட்டால் சத்தம் வருகிறது. படாவிட்டால் எங்கே போனது என்றே தெரிவதில்லை. 25 மடங்கில் வைத்துச் சுடுகிறேன். சுட்டதும் ஸ்கோப்புக்குள் வானம்தான் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. கேமரா வாங்குவதா, பிரேக் போடுவதா? பட்ஜெட்டில் ஒன்றுக்குத்தான் இடம்.

பத்தாம் மில்:
இரண்டும் இப்போதைக்கு வேண்டாம் தம்பி. முதலில் 25-லிருந்து 12-க்கு இறக்குங்கள்.

உங்கள் ஸ்கோப் வகையில் 25 மடங்கில் 100 மீட்டருக்குச் சுமார் 1.5 மீ. அகலம் தெரியும். அதாவது நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு ஏழரை மில். பைபாட் காலுக்கும் கட்டைக்குக் கீழே வைக்கும் பின் பைக்கும் நடுவே 70 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ரைஃபிளின் பின்கட்டை வெறும் 5 மி.மீ. விலகினால் 7 மில் போய்விட்டது, தட்டு கண்ணாடியின் ஓரத்துக்குப் போய்விடும். 12 மடங்கில் பார்வை இரண்டு பங்கு விரியும். அதே 5 மி.மீ. விலகினாலும் தட்டு உள்ளேயே இருக்கும். 30 செ.மீ. தட்டை 600 மீட்டரில் குறிவைக்க 12 தாராளம்.

அடுத்தது நேரம். உங்கள் குண்டு 300 மீ. போக 0.4 நொடி, 600 மீ. போக ஏறக்குறைய 0.88, 900 மீ. போக 1.45 நொடி. அதற்குள் ரைஃபிள் உதைத்து, திரும்பி, கண்ணுக்கு முன் படம் நிலைக்க வேண்டும். 300 மீட்டரில் சொந்தக் குண்டைப் பார்ப்பதுதான் உண்மையில் கஷ்டம். 900-இல் அவகாசம் நிறைய. ஆகவே 400-ஐ விட்டுவிட்டு 600-இல் பயிற்சியைத் தொடங்குங்கள்.

இனி உடம்பு. ரைஃபிளுக்குச் சாய்வாகப் படுத்தால் உதை ஒரு தோளை மட்டும் பின்னால் தள்ளும், குழல் பக்கவாட்டில் எகிறும். வலக்கைக்காரருக்குப் பெரும்பாலும் இடப்பக்கம். முதுகெலும்பு குழலின் நேர்க்கோட்டில், இரண்டு தோளும் சதுரமாக, கட்டை தோளின் வெளிக்குழியில் இல்லாமல் காறை எலும்பை ஒட்டி உள்பக்கமாக. துள்ளல் இடப்பக்கமானால் இடுப்பை வலப்பக்கம் நகர்த்துங்கள். ரைஃபிளை இழுத்துச் சரிசெய்யக் கூடாது. நேர் மேலே துள்ளினால் பைபாட் உயரம் அதிகம், அல்லது கால்களில் சுமை இல்லை. காலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ தாழ்த்தி, மார்பால் மெல்ல முன்னுக்குத் தள்ளி, பைபாட்டின் தளர்ச்சி தீரும் வரை சாயுங்கள். அதற்கு மேல் தள்ளினால் குறி ஆடும்.

சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க: கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டுத் திறந்தால் ரெட்டிகிள் தட்டின் மேலேயே இருக்க வேண்டும். சுட்ட பிறகும் அதே தட்டின் மேல் வந்து உட்கார வேண்டும். அரை மில் தள்ளி உட்கார்ந்தால் பரவாயில்லை. மூன்று மில் தள்ளினால் இன்னும் உடம்பு பாக்கி.

ட்ரிகரை அழுத்தியபடியே வைத்திருங்கள். புழுதியைப் பார்த்த பிறகுதான் விரல் விட வேண்டும், அதன் பிறகுதான் போல்ட். பலருக்குக் குண்டு தெரியாமல் போவதற்கு உதை காரணமே இல்லை. சுட்ட கணத்தில் தலையைத் தூக்கி ஸ்கோப்புக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார்கள். கண் சிமிட்டுகிறதா என்று தெரிய மேகசினைப் பார்க்காமல் நிரப்புங்கள்: மூன்று நிஜத் தோட்டா, இரண்டு டம்மி, கலந்து. டம்மி வந்து 'டிக்' என்னும்போது ரெட்டிகிள் அசைந்தால் அது உதையல்ல, நீங்கள்.

ஸ்கார்பரோ கிளி:
பத்தாம் மில் அண்ணை சொன்னது சரி, ஆனா பிரேக்கை அப்பிடித் தள்ளி வைக்கேலாது. கணக்கைப் பாருங்கோ. 4 கிலோ ரைஃபிளில .308, 175 கிரெயின் எண்டால் உதை ஏறத்தாழ 21 ஜூல். அதே தோட்டா 7 கிலோ ரைஃபிளில 12 ஜூல். 6.5 கிரீட்மூர் 7 கிலோவில 9 ஜூல். .223, 77 கிரெயின், 4 கிலோவில 5 ஜூல்தான். எடை கூட்டினாலே பாதிப் பிரச்சினை போயிடும். 5.5 கிலோவில இருக்கிற தம்பி முன்பக்கம் ஒரு கிலோ ஈயமோ பித்தளையோ பூட்டினால் பிரேக்கை விட மலிவு.

கனடாவில எங்களுக்கு சப்ரெசர் (குழல் வாயில பூட்டிச் சத்தம் குறைக்கிற குழாய்) தடை, ஆனபடியா பிரேக்தான் வழி. நெவாடாவில அனுமதி எடுத்து வைச்சிருக்கலாம். வித்தியாசம் என்னெண்டால், பிரேக் உதையைக் கூடக் குறைக்கும், ஆனா படுத்துச் சுடேக்க காஞ்ச நிலத்தில முன்னால புழுதியைக் கிளப்பி விடும். பாக்க வேண்டிய நேரத்தில கண்ணுக்கு முன்னால திரை. கீழ்ப்பக்கம் துளை இல்லாத பிரேக் எடுங்கோ. குழல் வாய்க்குக் கீழ ஒரு தார்ப்பாய் விரிச்சு தண்ணி தெளியுங்கோ, ஒரு மீட்டர் நீளமாவது. சப்ரெசர் புழுதி கிளப்பாது, ஆனா பத்துப் பதினைஞ்சு குண்டுக்குப் பிறகு சூடாகிக் கானல் ஸ்கோப்புக்கு முன்னால எழும்பும். உறை போட வேணும்.

பிரேக் போட்டால் காதுக்குள்ள நுரை அடைப்பானும் மேல மஃப்பும், ரெண்டும் வேணும்.

வறண்ட ஏரி:
மிக்க நன்றி. 12-க்கு இறக்கி, பைபாட் தாழ்த்தி, நேராகப் படுத்ததும் புழுதி தெரிகிறது! ஆனால் இப்போது வேறு குழப்பம். 600 மீட்டர் தட்டுக்குக் கீழே, கால் பக்கம் புழுதி எழுகிறது. ரெட்டிகிளில் அளந்தால் தட்டின் நடுவிலிருந்து சுமார் 1.3 மில் கீழே. அதற்கேற்ப ஏற்றிச் சுட்டால் அதற்கும் மேலே போகிறதோ என்னவோ, மறுபடியும் அதே இடத்தில்தான் புழுதி. ஸ்கோப் டரட் (குறியை ஏற்றி இறக்கும் திருகு) கெட்டுவிட்டதா? இடம் வறண்ட ஏரிப் படுகை, தட்டுக்குப் பின்னால் சமதளம்தான்.

கிழக்குச் சரிவு:
டரட் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் மேலே சுட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

சமதளத்தில் இது எல்லோரும் விழும் பள்ளம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் குண்டு 600 மீட்டரில் ஏறக்குறைய 7 மில் சரிவில் இறங்குகிறது. அதாவது 1 மீ. இறங்க 120 முதல் 140 மீ. தூரம் வேண்டும். தட்டின் மேல் விளிம்பு தரையிலிருந்து 1 மீ. என்று வைத்துக்கொள்வோம். குண்டு அதற்கு 20 செ.மீ. மேலே பறந்து போனால், தரையைத் தொடுவது தட்டுக்கு 140 மீ. தாண்டி. நீங்களோ படுத்திருக்கிறீர்கள், உங்கள் கண் தரையிலிருந்து 30 செ.மீ. அந்த உயரத்திலிருந்து 600 மீட்டரில் உள்ள தரையும் 740 மீட்டரில் உள்ள தரையும் ரெட்டிகிளில் ஒரே கோட்டில்தான் தெரியும்; வித்தியாசம் 0.1 மில். எனவே தட்டைத் தாண்டி விழுந்த குண்டின் புழுதி தட்டின் காலடியில் எழுந்ததாகத் தோன்றும். உண்மையில் குண்டு நடுவிலிருந்து 35 செ.மீ., அதாவது 0.6 மில் மேலே போனது. நீங்கள் 0.6 இறக்க வேண்டிய இடத்தில் 1.3 ஏற்றுகிறீர்கள்.

முன்னால் விழுந்ததா பின்னால் விழுந்ததா என்று பிரிக்க ஒரே நம்பகமான அடையாளம்: புழுதி தட்டின் காலை மறைத்தால் முன்னால் விழுந்தது. புழுதிக்கு முன்னால் தட்டின் கால் கறுப்பாகத் தெளிந்து நின்றால் பின்னால் விழுந்தது. இந்த வித்தியாசம் அரை நொடிதான் தெரியும், அதற்குள் காற்று கலைத்துவிடும். தட்டின் கால்களுக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு பெயின்ட் அடித்து வைத்தால் பிரித்தறிவது சுலபம். முன்னால் விழுந்த குண்டு எகிறிப் போய்ப் பின்னாலும் ஒரு புழுதி கிளப்பும். முதல் புழுதி மட்டுமே கணக்கு.

900 மீட்டரில் சரிவு இரட்டிப்பு, சுமார் 14 மில். 1 மீ. உயரத்தில் தாண்டினால் 65, 70 மீட்டரில் விழும். ஏமாற்றம் கொஞ்சம் குறையும், ஆனால் போகாது.

நிரந்தரத் தீர்வு ஒன்றுதான். தட்டைச் சமதளத்திலிருந்து எடுத்து ஒரு சரிவுக்கு முன்னால் வையுங்கள். பின்னால் 5 மீட்டரில் மண்மேடு இருந்தால் 600 மீட்டரில் அந்த 5 மீட்டருக்குள் குண்டு இறங்குவது 3, 4 செ.மீ. மட்டுமே, 0.1 மில்கூட வராது. புழுதி எங்கே தெரிகிறதோ அங்கேதான் குண்டு. ரெட்டிகிளில் அளந்ததை அப்படியே நம்பலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சமதளத்தில் தாண்டிய குண்டு எகிறி எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தனியாகச் சுடுபவர் மேடில்லாத இடத்தில் சுடவே கூடாது என்பது என் கட்சி.

தட்டுச்சத்தம்:
சரிவு என்றால் எந்தச் சரிவும் ஆகாது. காய்ந்த, உதிரும் மண், புல்லில்லாதது, வெயில் உங்கள் பின்னாலிருந்து அதன் மேல் விழுவது. மழை பெய்த மறுநாள் ஈர மண் குண்டை விழுங்கிவிடும், ஒன்றும் தெரியாது. புல், புதர் அதைவிட மோசம். பாறையும் ஆகாது, குண்டு திரும்பி வரும். மேட்டின் அகலம் தட்டுக்கு இரு பக்கமும் குறைந்தது 2 மீட்டராவது வெறும் மண்ணாக இருக்கட்டும். காற்றைத் தவறாகப் படித்தால் 900 மீட்டரில் ஒரு மீட்டர் பக்கவாட்டில் போவது சர்வசாதாரணம்.

தட்டு ஏ.ஆர்.500 என்னும் கடின எஃகு, 10 மி.மீ. தடிமன். மேல் விளிம்பு உங்களை நோக்கிச் சாயும்படி 15, 20 டிகிரி. சிதறும் ஈயம் கீழே போய்விடும். 100 மீட்டருக்குக் கிட்டே ரைஃபிளால் ஸ்டீலைச் சுடாதீர்கள். வெள்ளை பெயின்ட் ஸ்ப்ரே ஒரு டப்பா பையில் இருக்கட்டும். பட்ட இடத்தில் வெள்ளை போய்ச் சாம்பல் வட்டம் தெரியும், அதை 600 மீட்டரிலிருந்து ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் (ட்ரைபாடில் வைக்கும் தனித் தொலைநோக்கி) படிக்கலாம்.

சத்தத்துக்கும் கணக்கு உண்டு. குண்டு போகும் நேரமும் ஒலி திரும்பும் நேரமும் சேர்த்து 400 மீட்டருக்கு 1.7 நொடி, 600-க்கு 2.6, 900-க்கு 4.1 நொடி. 900-இல் 'படவில்லை' என்று மூன்றாம் நொடியிலேயே போல்ட்டை இழுப்பவர்கள் தங்கள் சத்தத்தைத் தாங்களே அமுக்குகிறார்கள். எதிர்க்காற்றில் ஒலி நன்றாக வரும், பின்காற்றில் வராது. அதற்குத் தட்டின் பின்னால் ஒட்டும் மின்விளக்கு கிடைக்கிறது, அதிர்ந்தால் மின்னும். ஆனால் அது பட்டதைத்தான் சொல்லும். உங்கள் பிரச்சினை படாதது.

மணல்கடிகை:
இவ்வளவு உடம்பை வளைப்பதற்குப் பதில் ஒரு கேமரா போதுமே என்பேன். தட்டுக்குப் பக்கத்தில் வைக்கும் வைஃபை கேமராக்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. முன்பக்கமாக, பக்கவாட்டில் 4, 5 மீ. தள்ளி, சின்ன மண்மூட்டைக்குப் பின்னால், லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கும்படி. ஆன்டெனா உங்கள் பக்கம் திரும்பி, தரையிலிருந்து ஒரு மீட்டராவது உயர்ந்து, நடுவில் எதுவும் மறைக்காமல் இருக்க வேண்டும். காகித இலக்கு என்றால் இதற்கு ஈடே இல்லை.

கேமரா வாங்க மனமில்லையா, ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் செல்போனை மாட்டுங்கள். 20, 25 மடங்கு போதும். தட்டு படத்தின் நடுவில் வேண்டாம், கீழ் மூன்றில் ஒரு பங்கில் இருக்கட்டும், மேலே இடம் விடுங்கள். நொடிக்கு 120 படம் வைத்து வீடியோ. போகஸையும் வெளிச்சத்தையும் தட்டில் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் கானலுக்கே போன் போகஸைத் தேடி அலையும். ட்ரைபாட் ரைஃபிள் இருக்கும் மேசையையோ பாயையோ தொடக் கூடாது. ரைஃபிளுக்கு நேர் பின்னால், கொஞ்சம் உயரமாக வைத்தால் குண்டின் தடமே பதியும்.

பத்தாம் மில்:
மணல்கடிகை சொல்வது காகித இலக்குக்குச் சரி. ஸ்டீலுக்கு என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. தட்டைப் பார்க்கும் கேமராவின் படத்தில் தட்டும் அதைச் சுற்றி அரை மீட்டரும்தான் இருக்கும். ஒரு மீட்டர் வெளியே போன குண்டு அதிலும் தெரியாது. போன் வீடியோ நல்ல கருவி, ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் எழுந்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி படுப்பதற்குள் காற்று மாறியிருக்கும். அதை ஐந்து குண்டுக்கு ஒரு முறை, நீங்கள் பார்த்தது சரிதானா என்று சோதிக்க வையுங்கள். அங்கேதான் அதன் மதிப்பு.

தடத்தைப் பற்றி: குண்டின் அதிர்வலை ஒளியை வளைப்பதால், தார்ச்சாலைக் கானல் ஒரு நூலாகத் திரண்டு ஓடியது போல ஒன்று தெரியும். உதை அடங்கிவிட்டால் சொந்த ஸ்கோப்பிலேயே 600-க்கு அப்பால் பார்க்கலாம், போகஸைத் தட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமாக வைத்தால் இன்னும் நன்று. ஆனால் அது மேலிருந்து வளைந்து இறங்கும். 900 மீட்டருக்குப் பாதி வழியில் பார்வைக் கோட்டுக்கு இரண்டரை மீட்டர் மேலே, அதாவது ஐந்தரை மில் உயரத்தில் இருக்கும். அங்கே பார்த்துவிட்டு 'மேலே போகிறது' என்று முடிவு செய்யாதீர்கள். தட்டை அடையும் கடைசித் துண்டு மட்டுமே உண்மை.

ஸ்கார்பரோ கிளி:
மின்னணு இலக்கையும் ஒருக்கால் சொல்லி வைப்பம். ஷாட்மார்க்கர், சில்வர் மவுன்டன் ரெண்டும் கனடாச் சாமான்தான். இலக்கைச் சுத்தி இருக்கிற சட்டத்தில மைக் பூட்டி, குண்டின்ர அதிர்வலை ஒவ்வொரு மைக்கையும் தொடுற நேர வித்தியாசத்தில இருந்து இடத்தைக் கணிக்கும். உங்கட டேப்லெட்டில புள்ளி விழும். சட்டத்துக்குள்ள வந்த எல்லாக் குண்டும் தெரியும். 1000 யார் தூரத்துக்கு .308 போடுற ஆக்கள் கவனம்: குண்டு ஒலி வேகத்துக்குக் கீழ இறங்கிப் போனால் அதிர்வலை இல்லை, மைக் பிடிக்காது. சில நேரம் 'படேல்லை' எண்டு காட்டினது சட்டத்துக்கு நடுவாலதான் போயிருக்கும்.

நெல்லை வேட்டு:
இடையில் ஒரு சந்தேகம். என் ஸ்கோப் 4-16, இரண்டாம் குவியத் தளம். 8 மடங்குக்கு இறக்கினால் ரெட்டிகிள் அளவு தப்பாகுமே?

கிழக்குச் சரிவு:
ஆகும். உங்களுடையதில் ரெட்டிகிள் சரியாக இருப்பது ஒரே ஒரு மடங்கில், பெரும்பாலும் உச்சத்தில், கையேட்டைப் பாருங்கள். உச்சம் 16-இல் சரி என்றால் 8-இல் 1 மில் கோடு 2 மில்லை மறைக்கும். ஆகவே அளந்ததை இரண்டால் பெருக்குங்கள். 11, 13 என்று இடைப்பட்ட எண்ணில் நிறுத்தாதீர்கள், மனக்கணக்கு உதைக்கும். 8 அல்லது 16, வேறெதுவும் வேண்டாம். வறண்ட ஏரியின் முதல் தள ஸ்கோப்புக்கு இந்தத் தொல்லை கிடையாது.

எழும்பூர் 50:
எங்களுக்குச் சென்னையில் 50 மீட்டர், .22 தான். மானிட்டரில் புள்ளி உடனே விழுந்துவிடும். இந்த இழையில் எங்களுக்கு எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா சார்?

பத்தாம் மில்:
உண்டு. மானிட்டரைத் துணியால் மூடுங்கள். ட்ரிகர் விட்ட கணத்தில் குறி எங்கே இருந்தது என்று காகிதத்தில் வட்டம் வரைந்து புள்ளி வைத்த பிறகு துணியை விலக்குங்கள். வரைந்ததும் விழுந்ததும் ஒரே பக்கமாக இருந்தால் பிழை உங்கள் பிடியில். வரைந்தது நடுவில், விழுந்தது வெளியே என்றால் காற்று, தோட்டா, இல்லாவிட்டால் நீங்கள் பார்க்காத ஒரு சிமிட்டல். 900 மீட்டரில் சுடுபவருக்கும் இதே நோட்டு வேண்டும். புழுதி தெரியாத குண்டுக்கு அதுதான் ஒரே சாட்சி.

200 மீட்டர் கிடைக்கும் நாட்டில் இருப்பவர்கள் .22-ஐ அந்தத் தூரத்துக்குக் கொண்டுபோகலாம். மணிக்கு 10 மைல் குறுக்குக்காற்றில் 35, 40 செ.மீ. தள்ளும். உதை இல்லாததால் ஒவ்வொரு குண்டும் கண்ணுக்குத் தெரியும். காற்று படிக்க மலிவான பள்ளிக்கூடம்.

வறண்ட ஏரி:
தட்டைக் கிழக்குப் பக்கச் சரிவுக்கு மாற்றிவிட்டேன். புழுதி தெளிவாக இருக்கிறது. கடைசியாக ஒன்று: பார்த்த பிறகு டரட்டைத் திருப்புவதா, ரெட்டிகிளில் தள்ளிப் பிடிப்பதா?

கிழக்குச் சரிவு:
தள்ளிப் பிடிப்பதுதான். குறி தட்டின் நடுவில் இருந்தபோது புழுதி ரெட்டிகிளின் எந்தக் கோட்டில் எழுந்ததோ, அந்தக் கோட்டைத் தட்டின் நடுவில் வைத்து அடுத்ததை விடுங்கள். கழித்தல் கூட்டல் எதுவும் வேண்டாம், காற்று மாறுவதற்குள் ஐந்தாறு நொடியில் இரண்டாவது போய்விடும். இரண்டு குண்டும் ஒரே உயரத்தில் தவறினால் மட்டும் டரட்டைத் தொடுங்கள். பக்கவாட்டுக்கு டரட்டைத் தொடவே வேண்டாம்.

தட்டுச்சத்தம்:
தட்டுக்கு நடந்து போகும்போது போல்ட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், பொது நிலத்தில் யார் எப்போது வருவார் என்று தெரியாது. அந்தச் சரிவின் அடியில் காய்ந்த புல் இருந்தால் ஒரு மண்வெட்டியும் 10 லிட்டர் தண்ணீரும் வண்டியில் இருக்கட்டும். எஃகு உள்ளீடு உள்ள தோட்டாவும் முழுச் செம்புக் குண்டும் தட்டிலோ கல்லிலோ பட்டால் தீப்பிடிக்க வைக்கும். கோடையில் தீத் தடை உத்தரவு இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள்.